சீனப் பேரரசர் வாங்காத சங்கிலி

நூறு அடி நீளம். தலா இரண்டரை அடியில் நாற்பது கண்ணிகள். முழுக்க எஃகு. லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டென் என்ற கருவிக் கலைஞர் வகுத்த முறையில் செய்யப்பட்ட நில அளவைச் சங்கிலி இது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவில் நுட்பமான கருவி வேண்டும் என்றால் ராம்ஸ்டென்னின் பட்டறையைத்தான் தேடிப் போவார்கள். 1784இல் ஜெனரல் வில்லியம் ராய் லண்டனை ஒட்டிய ஹவுன்ஸ்லோ வெளியில் முதல் அடிக்கோட்டை, அதாவது மற்றத் தூரங்களைக் கணக்கிட அடிப்படையாக நேரில் அளக்கும் கோட்டை, அளந்தபோதும் ராம்ஸ்டென் செய்த எஃகுச் சங்கிலி ஒன்று களத்தில் இருந்தது.

கலை, வணிகவியல் மாணவர்களுக்கான இயற்பியல் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடம் பெரும்பாலும் அளவீடும் அலகும்தான். நீளத்துக்கு மீட்டர், நிறைக்குக் கிலோகிராம், நேரத்துக்கு விநாடி என்று ஓர் அட்டவணை. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்துவிட்டு, இயக்கம், வேகம், முடுக்கம் என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். வேகம் என்பது நேரத்தால் வகுக்கப்பட்ட தூரம். அந்தத் தூரத்தை யார், எதைக் கொண்டு, எப்படி அளந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்குச் சொல்ல வேண்டிய கதை சென்னையிலேயே, பரங்கிமலை அடிவாரத்திலேயே இருக்கிறது.

சங்கிலி முதலில் இந்தியாவுக்குப் புறப்படவில்லை. 1792இல் மெக்கார்ட்னி பிரபு பிரிட்டிஷ் அரசரின் தூதராகச் சீனாவுக்குக் கப்பலேறினார். சீனாவோடு வணிகக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பது நோக்கம். பேரரசர் சியன்லுங்குக்குக் காட்டவும் கொடுக்கவும் கோளரங்கம், கடிகாரங்கள், தொலைநோக்கிகள், அளவைக் கருவிகள் என்று பெட்டி பெட்டியாக ஏற்றினார்கள். அவற்றைப் பூட்டி இயக்கிக் காட்டும் பொறுப்பு ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் ஜேம்ஸ் டின்விடியுடையது. 1793இல் பேரரசர் தூதரைச் சந்தித்தார். ஆனால் வணிகக் கோரிக்கைகளை ஏற்கவில்லை. பிரிட்டிஷாரின் நுட்பப் பொருள்களால் தம் நாட்டுக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை என்பது அவர் நிலை. கருவிகளில் சில அப்படியே திரும்பின. அவற்றை மெக்கார்ட்னி டின்விடியிடமே கொடுத்துவிட, அவர் கல்கத்தாவுக்கு எடுத்து வந்தார். அதில் ஒன்று இந்தச் சங்கிலி.

கல்கத்தாவில் அதை வாங்கிக்கொண்டவர் வில்லியம் லாம்டன். 33ஆம் ரெஜிமெண்டின் அதிகாரி, கணிதத்தில் ஊறியவர், அதிகம் பேசாதவர். 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில், ஓர் இரவு ஜெனரல் பேர்டின் படை தெற்கே போவதாக நினைத்து வடக்கே எதிரியின் பக்கம் போய்க்கொண்டிருந்ததை நட்சத்திரங்களைப் பார்த்தே கண்டுபிடித்துச் சொன்னவர் இவர்தான். போர் முடிந்ததும், தீபகற்பத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை கணித முறைப்படி அளக்க வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஆதரித்தார். பணம் கொடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் அவ்வளவு சுலபமாக ஒப்பவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டும் என்றால் பல்லக்குக்காரர்களிடம் சொன்னால் போதாதா, அதற்கு எதற்கு இவ்வளவு செலவு என்று ஒருவர் கேட்டதாகச் சொல்வார்கள்.

சங்கிலியின் முதல் இந்தியக் களம் பெங்களூர். 1800இல் அங்கே ஓர் அடிக்கோட்டை லாம்டன் அளந்து பார்த்தார். பெரிய வேலை தொடங்கியது 1802 ஏப்ரல் 10 அன்று, பரங்கிமலைக்குத் தெற்கே. வடக்கு முனை மலையடிவாரம், தெற்கு முனை பெரும்பாக்கம் குன்று. இடையில் ஏறத்தாழ ஏழரை மைல் சமதரை. இன்று பள்ளிக்கரணையும் ஐ.டி. அலுவலகங்களும் பரவியிருக்கும் வட்டாரம் அது. கடல் மட்டத்தை ஒட்டிய தரை என்பதும் முக்கியமான காரணம். உயரம் கூடக் கூடப் பூமியின் மையத்திலிருந்து விலகுகிறோம், இரு இடங்களுக்கு இடையேயுள்ள தூரமும் கொஞ்சம் கூடுகிறது. அளந்ததையெல்லாம் கடல் மட்டக் கணக்குக்குக் கொண்டுவந்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

அளந்த விதத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். சங்கிலியை வெறுந்தரையில் போடவில்லை. தரை மேடும் பள்ளமுமாக இருக்கும், சங்கிலி அதன் வளைவுகளிலேயே படிந்துவிடும். நீண்ட மரப்பெட்டிகளை வரிசையாக முக்காலிகளின் மேல் ஏற்றி, திருகாணியால் மட்டம் பார்த்து, அந்தப் பெட்டிகளுக்குள் சங்கிலியை நீட்டினார்கள். ஒரு முனையைக் கட்டையில் பிணைத்து, மறுமுனையைக் கப்பியின் மேல் போட்டு எடைக்கல் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். ஆள் கையால் இழுத்தால் ஒருவர் பலமாக இழுப்பார், இன்னொருவர் மெதுவாக இழுப்பார். எடைக்கல் காலையிலும் ஒரே விசையோடு இழுக்கும், மாலையிலும் ஒரே விசையோடு இழுக்கும். சங்கிலியின் தொய்வும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்கும். விசை என்பதைப் புத்தகத்தில் நியூட்டன் என்ற அலகோடு படிக்கிறோம். அது மாறாமல் இருப்பது ஏன் முக்கியம் என்பதை இந்தக் கப்பியும் கல்லும் காட்டுகின்றன.

பெட்டிகளுக்குள் வெப்பமானிகள் வைத்தார்கள். இந்தக் கதையின் மையம் இங்கேதான் இருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் கொல்லர் பட்டையை நெருப்பில் பழுக்கவைத்து மாட்டுவார். சூட்டில் விரிந்த பட்டை சக்கரத்தில் ஏறும், ஆறியதும் இறுகும். பரங்கிமலை வெயிலில் சங்கிலிக்கும் அதுதான் நடந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில். எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் பதினொன்றரைப் பங்கு நீளும். லாம்டனின் கணக்குக்கு அடிப்படை வெப்பநிலை 62 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 17 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் பெட்டிக்குள் 37 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 20 டிகிரி. நூறு அடிச் சங்கிலி 7 மில்லிமீட்டர் நீண்டுவிடும்.

7 மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. ஏழரை மைலுக்குச் சங்கிலியை 400 தடவை போட வேண்டும். 400 தடவையும் 7 மில்லிமீட்டர் சேர்ந்தால் 2.8 மீட்டர். சங்கிலி நீண்டிருப்பதை அறியாமல் நூறு நூறாக எண்ணிக்கொண்டு போனால், உண்மையான தூரத்தைவிட இரண்டே முக்கால் மீட்டர் குறைவான விடைதான் வரும். அடிக்கோட்டில் வந்த பிழை அதோடு நிற்காது. அந்தக் கோட்டின் மேல் கட்டும் எல்லாத் தூரமும் அதே விகிதத்தில் தப்பாகும். கன்னியாகுமரியிலிருந்து இமய அடிவாரம் வரையிலான 2,400 கிலோமீட்டரில் அது அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

இந்த வகைப் பிழைக்கும் கைத்தடுமாற்றத்தால் வரும் பிழைக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் அளவீட்டுப் பாடத்தில் பாதி புரிந்த மாதிரி. சங்கிலியின் முனையைக் குறிக்கும்போது ஒருமுறை ஒரு மில்லிமீட்டர் கூடும், மறுமுறை குறையும். கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 400 தடவை குறித்தால் மிஞ்சும் பிழை 400இன் வர்க்கமூலமாகிய 20 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாக ஒரு மில்லிமீட்டர் தப்பினால் மொத்தம் 400 மில்லிமீட்டர். பொறுமையாகத் திரும்பத் திரும்ப அளப்பது முதல் வகையைக் குறைக்கும். இரண்டாவது வகையை எத்தனை தடவை அளந்தாலும் குறைக்க முடியாது. காரணத்தைக் கண்டுபிடித்துக் கணக்கில் கழித்தால்தான் உண்டு. வெப்பமானி அதற்காகத்தான் பெட்டிக்குள் போனது.

இன்னொரு காரணம் தேய்மானம். நாற்பது கண்ணி என்றால் ஏறத்தாழ நாற்பது இணைப்பு. ஒவ்வோர் இணைப்பும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தாலே சங்கிலி 0.4 மில்லிமீட்டர் நீளும், முழு அடிக்கோட்டில் 16 சென்டிமீட்டர் போய்விடும். அதனால் லாம்டன் இங்கிலாந்திலிருந்து இன்னொரு சங்கிலியை வரவழைத்து அதைக் களத்தில் உழைக்கவிடாமல் தனியே வைத்தார். அளந்த சங்கிலியை அவ்வப்போது அதன் பக்கத்தில் நீட்டி, எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தார். படித்தரம் என்று நாம் சொல்வதன் முழு வேலையும் அதுதான்: தான் உழைக்காமல் இருந்து, உழைக்கிறவற்றைச் சரிபார்ப்பது.

திருத்தங்கள் எல்லாம் முடிந்தபின் அடிக்கோட்டின் நீளம் 40,006 அடியும் கொஞ்சமும் என்று வந்தது. நம் கணக்கில் 12.19 கிலோமீட்டர். பெட்டி சுமந்து, மட்டம் பிடித்து, வெயிலில் கட்டை நட்ட கலாசிகளின் பெயர்கள் நம் கைக்கு வரவில்லை. அவர்களுடைய கைகள் சரியாக வேலை செய்யாமல் இருந்திருந்தால் லாம்டனின் கணிதத்துக்கு எந்த மதிப்பும் இருந்திருக்காது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் கருவியைப் பற்றியும் அதிகாரியைப் பற்றியும் எழுதுகிறவர்கள் இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு நாடு முழுவதையும் சங்கிலியால் அளக்கத் தேவையில்லை. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிலேயே எடுத்துவிடலாம். பரங்கிமலையிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால் போதும், அந்தக் குன்றுக்குள்ள தூரம் கிடைத்துவிடும். கிடைத்த பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதை வைத்து இன்னொன்று. கோணம் எடுக்க, லண்டனில் வில்லியம் கேரி என்ற கருவிக் கலைஞர் செய்த தியோடலைட் வந்து சேர்ந்தது. அதன் வட்டம் மட்டும் மூன்றடி அகலம், எடை அரை டன். 1808இல் தஞ்சாவூரில் கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அது மோதி வட்டம் நெளிந்துபோனது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைப் பழைய வட்டத்துக்கே இழுத்துக் கொண்டுவந்தார். அந்தக் கருவியின் கதை தனியே எழுத வேண்டிய ஒன்று.

நம் சங்கிலி அதோடு கூடவே போய்க்கொண்டிருந்தது. முக்கோண வலை நீள நீளச் சிறுசிறு பிழைகள் சேரும். எனவே ஓரிடத்தில் நிறுத்திப் புதிய அடிக்கோடு ஒன்றை நேரில் அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். பெங்களூரில் மறுபடியும் 1804இல், கோயம்புத்தூர் வட்டாரத்தில் 1806இல், திருநெல்வேலிச் சீமையில் 1809இல், குத்தியில் 1811இல், பீதர் பக்கம் 1815இல் என்று இந்தச் சோதனை தொடர்ந்தது. இதற்கிடையில் ஒரு விஷயம் அதிகாரிகளைத் திகைக்க வைத்தது. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையில் தீபகற்பத்தின் அகலம், அதுவரை நம்பப்பட்ட 400 மைல் அல்ல, ஏறத்தாழ 360 மைல்தான். நிலம் எங்கும் போகவில்லை, பழைய வரைபடம்தான் தவறு. பல்லக்குக்காரரைக் கேட்டால் போதும் என்றவருக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

லாம்டனின் மனம் இருந்தது வரைபடத்தில் மட்டுமல்ல. பூமியின் வடிவத்தை அளக்க வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. பூமி தன்னைத்தானே சுற்றுகிறது. அதனால் நடுவில் புடைத்து, துருவங்களில் சற்றுத் தட்டையாக இருக்க வேண்டும் என்று நியூட்டன் கணித்திருந்தார். அப்படி இருந்தால், தீர்க்கரேகையில் ஒரு டிகிரி அட்சரேகையின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். இன்றைய கணக்கில் நிலநடுக்கோட்டருகே அது 110.57 கிலோமீட்டர், துருவத்தருகே 111.69. ஒரு கிலோமீட்டர் சொச்சம் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் சங்கிலியின் மில்லிமீட்டரைக் கவனிக்காமல் முடியாது. பூமியின் சுழற்சி என்ற மாபெரும் இயக்கத்தின் தடயம், வெப்பமானி வைத்த ஒரு மரப்பெட்டிக்குள் தேடப்பட்டது என்பதுதான் இந்தக் கதையில் என்னை அதிகம் ஈர்ப்பது.

1823 ஜனவரியில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், வேலையின் நடுவிலேயே லாம்டன் இறந்தார். பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் மத்திய இந்தியாவில் சிரோஞ்சில் சங்கிலியால் ஓர் அடிக்கோட்டை அளந்தார். ஆனால் சங்கிலியின் மேல் அவருக்கு முழு நம்பிக்கை இல்லை. வெப்பமானி காட்டுவது காற்றின் சூட்டை, எஃகின் சூடு அதற்குப் பின்தங்கியோ முந்தியோ இருக்கலாம். 1830இல் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது தாமஸ் கோல்பி வடிவமைத்த ஈடுசெய் சட்டங்களைக் கொண்டுவந்தார். இரும்புச் சட்டமும் பித்தளைச் சட்டமும் நடுவில் இணைக்கப்பட்டு, இரு முனையிலும் ஒரு குறுக்கு நாக்கு. பித்தளை இரும்பைவிட அதிகம் நீளும், அதனால் நாக்கு சாயும். ஆனால் அந்த நாக்கில் ஒரு புள்ளி மட்டும் வெயிலிலும் குளிரிலும் இடம் மாறாது. அந்தப் புள்ளிகளுக்கு இடையேதான் அளவு. வெப்பத்தைக் கணக்கில் கழித்த காலம் போய், கருவியே தன் பிழையைத் தீர்த்துக்கொள்ளும் காலம் வந்தது. சிரோஞ்சு அடிக்கோடு 1830களில் இந்தச் சட்டங்களால் மறுபடி அளக்கப்பட்டது. சங்கிலி பெரிய வேலைகளிலிருந்து ஓய்வு பெற்றது.

அது விட்டுச்சென்ற அலகு அவ்வளவு சீக்கிரம் ஓய்வு பெறவில்லை. பிரான்ஸில் 1799லேயே மீட்டர் வந்துவிட்டது, அதுவும் பூமியை அளந்து எடுத்த அலகுதான். இந்திய அளவைத் துறையோ அடியிலேயே நின்றது. இந்த அடியும் இன்றைய சர்வதேச அடியும் ஒன்றல்ல. சர்வதேச அடி சரியாக 0.3048 மீட்டர். பழைய வரைபடங்களை இன்றைய கணக்குக்கு மாற்றும்போது ‘இந்திய அடி’ 0.3047995 மீட்டர் என்று எடுக்கிறார்கள். அடிக்கு அரை மைக்ரோமீட்டர் வித்தியாசம். பரங்கிமலை அடிக்கோட்டின் நீளத்தில் அது 2 சென்டிமீட்டர் ஆகிறது. அலகை எழுதாத எண் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம். மனை வாங்குகிற எல்லோருக்கும் ஒரு சென்ட் என்றால் 435.6 சதுர அடி என்று தெரியும். அந்த .6 எங்கிருந்து வந்தது? வேறொரு சங்கிலியிலிருந்து. ராம்ஸ்டென்னுக்கு முந்திய கன்டர் சங்கிலி 66 அடி. 66ஐ 66ஆல் பெருக்கினால் 4,356 சதுர அடி, அதில் பத்தில் ஒன்று ஒரு சென்ட். நம் பத்திரங்களில் இன்றும் ஒரு சங்கிலியின் நீளம் பதிவாகிக்கொண்டிருக்கிறது.

மீட்டரும் உலோகச் சட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. 1983 முதல் ஒரு மீட்டர் என்பது, வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியில் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம். நீளத்தை வைத்து வேகத்தைக் கண்டுபிடித்த நாம், இப்போது ஒளியின் வேகத்தை வைத்து நீளத்தை வரையறுக்கிறோம். ஒளிக்குத் தேய்மானம் இல்லை, வெயிலில் நீள்வதும் இல்லை. பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அது ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 41 பங்குக்கும் குறைவான நேரத்தில் போய்ச் சேரும். செயற்கைக்கோள் மூலம் இடம் அறியும் இன்றைய நில அளவைக் கருவிகளும் நேரத்தைத்தான் அளக்கின்றன, தூரம் அதிலிருந்து வருகிறது. ஆனாலும் காற்றின் ஈரம், வளிமண்டலத்தின் மேலடுக்கு என்று அதற்கும் திருத்தங்கள் உண்டு. திருத்தமே வேண்டாத கருவி இதுவரை வரவில்லை.

கல்லூரிகளில் இயற்பியல் அறிமுக வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அலகு அட்டவணையைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால், 30 மீட்டர் எஃகு டேப் ஒன்றையும் ஒரு வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு மாணவர்களை மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். நல்ல டேப்பின் தொடக்கத்திலேயே 20 டிகிரி செல்சியஸ், 50 நியூட்டன் என்று பொறித்திருக்கும். எந்தச் சூட்டில், எவ்வளவு விசையோடு இழுத்தால் அந்த டேப் சொல்வது சரி என்பதே அதன் பொருள். விடியற்காலையில் இரண்டு கம்பங்களுக்கு இடையே ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள், நடுப்பகல் வெயிலில் டேப் காய்ந்தபின் அதே இழுப்பில் இன்னொரு முறை. உலோகத்தின் சூடு 15 டிகிரி கூடியிருந்தால் இரண்டு விடைகளுக்கும் இடையே 5 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். அந்த 5 மில்லிமீட்டருக்குக் காரணம் என்ன என்று அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள். முடிந்தால் சென்னைக்கு வரும்போது பரங்கிமலைக்கும் அழைத்து வாருங்கள். லாம்டனின் மார்பளவுச் சிலை அங்கே இருக்கிறது, அடிக்கோடு ஓடிய தெற்குத் திசையை மேலே நின்று பார்க்கலாம்.